கொல்லாமல் பல்லைப் பிடுங்கும் வித்தை: செஸ்ட்நட் மரத்தைச் சுற்றி நடக்கும் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

செத்திருக்க வேண்டிய மரங்கள் அவை. 1950-களின் தொடக்கம். இத்தாலியின் வடமேற்கே, ஜெனோவா துறைமுகத்தை ஒட்டிய மலைப்பகுதி. அங்கிருந்த செஸ்ட்நட் காடுகளில் 1938-இலேயே ஒரு கொடிய பூஞ்சை நுழைந்திருந்தது. அதே பூஞ்சை அமெரிக்காவில் அதற்கு முன்பே புகுந்து, மலைத்தொடர் முழுக்கப் பரவியிருந்த காட்டைக் காலி செய்திருந்தது. அதனால் ஐரோப்பாவின் மரங்களுக்கும் நாள் குறித்தாகிவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால், வன நோயியல் வல்லுநர் அந்தோனியோ பிராகி அங்கே கண்டது வேறு. சில மரங்களின் பட்டையில் புண் இருந்தது. மரமோ நல்லா இருந்தது. புண் ஆறிக்கொண்டிருந்தது, ஓரங்களில் புதுப் பட்டை வளர்ந்து மூடிக்கொண்டிருந்தது.

யாரும் மருந்து அடிக்கவில்லை. பூஞ்சையும் போய்விடவில்லை, அது பட்டையிலேயேதான் இருந்தது. அப்புறம் எப்படி? அந்தப் பூஞ்சைக்கே ஒரு நோய் வந்திருந்தது!

எதிரியைக் கொல்லாமல், அதன் பல்லை மட்டும் பிடுங்கிவிட்டால் போதும் என்ற யோசனைக்கு உலகம் முழுக்க இன்று மதிப்பு கூடியிருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் மருத்துவ ஆய்வாளர்களும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இந்த யோசனை செஸ்ட்நட் மரத்தில் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை வேலை செய்திருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

இது எந்த செஸ்ட்நட்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சைனீஸ் உணவகங்களில் மொறுமொறுவென்று வரும் 'வாட்டர் செஸ்ட்நட்' இது கிடையாது. அது நீரில் வளரும் ஒரு கோரை வகையின் கிழங்கு. ஐரோப்பியப் பூங்காக்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் 'ஹார்ஸ் செஸ்ட்நட்'டும் இது கிடையாது. அதன் கொட்டை விஷம்.

இங்கே பேசப்படுவது 'ஸ்வீட் செஸ்ட்நட்'. தாவரவியல் பெயர் கஸ்டானியா சடைவா. ஓக் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. தெற்கு ஐரோப்பாவிலும் துருக்கி வட்டாரத்திலும் மலைச் சரிவுகளில் வளர்வது. முள்ளம்பன்றி மாதிரி முள் மூடிய ஓட்டுக்குள் இரண்டு மூன்று பழுப்புக் கொட்டைகள் இருக்கும். குளிர்காலத்தில் ஐரோப்பியத் தெருக்களில் தள்ளுவண்டியில் சுட்டு விற்பார்கள், நம்ம ஊரில் கடலை வறுத்து விற்பதைப் போல.

இந்த மரம் ரொம்ப காலம் வாழும். சிசிலித் தீவில் எட்னா எரிமலைச் சரிவில் 'நூறு குதிரைகளின் செஸ்ட்நட்' என்றே ஒரு மரம் இருக்கிறது. ஒரு ராணியும் அவருடன் வந்த நூறு வீரர்களும் மழைக்கு அதனடியில் ஒதுங்கினார்கள் என்று கதை. கதையை நம்பாதவர்களும் அளவை நம்பலாம்: 1780-இல் அதன் சுற்றளவு 57.9 மீட்டர். இப்போது அது பல தண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது.

ரொட்டி காய்க்கும் மரம்

கொட்டை என்றதும் முந்திரி, பாதாம் மாதிரி எண்ணெய்ப் பசை உள்ளதாக நினைக்கத் தோன்றும். செஸ்ட்நட் அப்படியல்ல. 100 கிராம் முந்திரியில் கொழுப்பு சுமார் 44 கிராம் என்றால், 100 கிராம் செஸ்ட்நட்டில் சுமார் 2 கிராம்தான். மாவுச்சத்து முதலான கார்போஹைட்ரேட் 45 கிராம். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கொட்டை வகைகளில் அபூர்வமாக இதில் வைட்டமின் சி-யும் 40 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சிம்பிளா சொன்னா, இது கொட்டை வேஷம் போட்ட தானியம்.

கோதுமை விளையாத மலைக்கிராமங்களில் ஏழைகளின் சோறு இதுதான். இத்தாலியிலும் பிரான்ஸின் செவன் மலைப்பகுதியிலும் இதை 'ரொட்டி மரம்' என்றே அழைத்தார்கள். தண்ணீர் அதிகம் என்பதால் பச்சையாக வைத்தால் கெட்டுவிடும். அதனால் சிறிய கல் வீடு கட்டி, நடுவில் சட்டங்களாலான பரண் அமைத்து, மேலே கொட்டைகளைப் பரப்பி, கீழே வாரக்கணக்கில் புகைபோட்டுக் காயவைத்தார்கள். பிறகு ஓடு நீக்கி மாவாக அரைத்தால் அடுத்த அறுவடை வரை தாங்கும். கோர்சிகா தீவை ஆண்ட ஜெனோவா அரசு, 1584-இல் நிலம் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் மரங்கள் நட வேண்டும் என்று உத்தரவே போட்டது. அந்தப் பட்டியலில் செஸ்ட்நட்டும் உண்டு. அந்தத் தீவில் 'செஸ்ட்நட் நாடு' என்று பொருள்படும் பெயரில் இன்றும் ஒரு வட்டாரம் இருக்கிறது.

குளூட்டன் இல்லாத மாவு என்பதால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இந்த மாவு இப்போது மறுபடி கடைகளுக்கு வந்திருக்கிறது. ஏழைகளின் மாவு பணக்கார அலமாரிக்கு ஏறியது ஒரு வேடிக்கைதான். நம்ம கேழ்வரகுக்கும் இதே கதைதானே!

மரத்தின் இன்னொரு சொத்து டானின். பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கில் ஒட்டுமே ஒரு துவர்ப்பு, அதைத் தரும் வேதிப்பொருள் வகை. டானின் புரதத்தைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் நாக்கு காய்கிறது. விலங்குத் தோலில் உள்ள புரதத்தைப் பிடித்தால், அழுகும் தோல் அழுகாத தோலாகிவிடும். தமிழ்நாட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்திய அதே அறிவை, ஐரோப்பாவில் செஸ்ட்நட் கட்டையைச் சிறு சிறாய்களாகச் சீவி வெந்நீரில் வடித்துப் பயன்படுத்தினார்கள். இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் உள்ள முக்கியமான இரண்டு டானின்களுக்கு கஸ்டலாஜின், வெஸ்கலாஜின் என்று பெயர். முதல் பெயரில் மரத்தின் பெயரே ஒளிந்திருக்கிறது.

இதே டானின்தான் மரத்தையும் காக்கிறது. செஸ்ட்நட்டின் வைரக்கட்டையை ரசாயனம் பூசாமலே மண்ணில் வேலிக்காலாக நடலாம். இரும்பு ஆணி அடித்தால் மட்டும் கறுப்புக் கறை படியும், டானினும் இரும்பும் சேர்ந்தால் மை உருவாகும் என்பதால். தரையோடு வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து கரும்பில் மறுதாம்பு வருவதைப் போலத் துளிர்த்து வரும். சில ஆண்டுகளில் மறுபடி வெட்டலாம். போர்ச்சுகலின் பிரகான்சா பாலிடெக்னிக் ஆய்வாளர்கள், உதிர்ந்து வீணாகும் செஸ்ட்நட் பூக்களைக்கூட விடவில்லை. பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க, செயற்கைப் பதப்பொருளுக்குப் பதிலாக அந்தப் பூவைச் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள்.

ஒரு காடு காணாமல் போனது

இப்படிப்பட்ட மரத்தைத்தான் அந்தப் பூஞ்சை பிடித்தது. 1904-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. அங்கிருந்தவை ஸ்வீட் செஸ்ட்நட்டின் உறவான அமெரிக்க செஸ்ட்நட் மரங்கள். பூஞ்சையின் பெயர் கிரிப்போநெக்ட்ரியா பாரசிடிகா. ஆசியாவிலிருந்து இறக்குமதியான செஸ்ட்நட் செடிகளோடு வந்தது. ஆசிய மரங்கள் அதோடு பழகியவை, பெரிதாகப் பாதிப்பில்லை. அமெரிக்க மரங்களுக்கு அது முன்பின் தெரியாத எதிரி.

பட்டையில் சின்னக் காயம் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து, பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள திசுவை அழிக்கும். புண் விரிந்து விரிந்து தண்டைச் சுற்றி ஒரு வளையமாகிவிட்டால், அதற்கு மேலே உள்ள பகுதி பட்டினியாகிச் செத்துவிடும்.

பென்சில்வேனியா மாநிலம் 1911-இல் தனி ஆணையமே அமைத்துப் போராடியது. நோய் கண்ட மரங்களை வெட்டினார்கள், எரித்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. காற்றிலும் மழையிலும் பறவைக் காலிலும் போகும் வித்துகளைக் கோடரியால் எப்படித் தடுப்பது? அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் அழிந்தன. அப்பலாச்சிய மலைவாசிகளின் வீடும் வேலியும் தொட்டிலும் சவப்பெட்டியும் அந்த மரத்தில் ஆனவை. பன்றிகளுக்குத் தீனியும், சந்தையில் விற்றுக் காசாக்கும் கொட்டையும் அதே மரம்தான். ஒரு தலைமுறையின் கண்ணெதிரே எல்லாம் போனது.

வேர் மட்டும் சாகவில்லை. மண்ணுக்குள் இந்தப் பூஞ்சையால் மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட முடியாது. அதனால் இன்றும் அந்த மலைகளில் பழைய வேர்களிலிருந்து துளிர் கிளம்புகிறது. கொஞ்சம் உயரம் வந்ததும் பூஞ்சை பிடித்துவிடும். மறுபடி துளிர், மறுபடி சாவு.

பூஞ்சைக்கு வந்த காய்ச்சல்

இப்போது இத்தாலிக்குத் திரும்பலாம். ஆறிய புண்களைப் பிராகி கவனித்த பிறகு, 1960-களில் பிரான்ஸின் ழான் கிராந்த் அப்படிப்பட்ட புண்களிலிருந்து பூஞ்சையை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். வழக்கமான பூஞ்சை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இதுவோ வெளிறி, வெள்ளையாக இருந்தது. இரண்டையும் ஒரே மரத்தில் சேர்த்து விட்டால், கொடிய பூஞ்சையும் சாதுவாகிவிட்டது. சாதுத்தனம் ஒட்டுவாரொட்டியாகப் பரவியது!

காரணம் ஒரு வைரஸ் என்பது 1970-களில் புலப்படத் தொடங்கியது. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தார் பிரான்ஸிலிருந்து அந்த வெள்ளைப் பூஞ்சையை வரவழைத்து ஆராய்ந்தபோது, அதற்குள் இரட்டை இழை ஆர்என்ஏ இருப்பதைக் கண்டார்கள். 1992-இல் வைரஸின் மரபுக் குறியீட்டை மட்டும் நகலெடுத்து, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பூஞ்சைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் சாதுவானது. சந்தேகம் தீர்ந்தது.

இந்த வைரஸ் பூஞ்சையைக் கொல்வதில்லை. வேகத்தைக் குறைக்கிறது, வித்து உண்டாக்குவதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்கிறது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் விவசாயிகள் இதையே சிகிச்சையாகச் செய்கிறார்கள். புண்ணின் ஓரத்தைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டு, வைரஸ் பிடித்த பூஞ்சையை அதில் வைத்து அடைத்துவிடுவார்கள். நோயாளிப் பூஞ்சையை விட்டுக் கொலைகாரப் பூஞ்சையை நோயாளியாக்குவது.

அப்படின்னா அமெரிக்காவிலும் இதைச் செய்திருக்கலாமே? செய்தார்கள். பலன் மிகக் குறைவு. இந்த வைரஸுக்கு உடம்பைவிட்டு வெளியே வந்து பயணிக்கத் தெரியாது. இரண்டு பூஞ்சைகளின் இழைகள் தொட்டு இணைந்தால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். ஆனால் பூஞ்சைகள் யாரை வேண்டுமானாலும் வீட்டுக்குள் விட்டுவிடாது. ஒரே வகையறா என்று தெரிந்தால்தான் கதவு திறக்கும். இல்லையென்றால், தொட்ட இடத்து செல்கள் தாமாகவே செத்து வழியை அடைத்துவிடும்.

அடையாளம் பார்க்கும் இந்த வேலையைச் செய்வதாக முதலில் கண்டறியப்பட்டவை ஆறு மரபணு இடங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வடிவம், ஆக 64 வகையறாக்கள் சாத்தியம். ஐரோப்பாவின் பல காடுகளில் ஒருசில வகையறாக்களே பெரும்பான்மை, எனவே வைரஸ் எளிதாகப் பரவியது. அமெரிக்காவில் கலவை அதிகம். வைரஸ் ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிட்டது. அமெரிக்க செஸ்ட்நட் ஐரோப்பிய மரத்தைவிட நோஞ்சான் என்பதும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவுக்குப் புதிது புதிதாகப் பூஞ்சை வகைகள் வந்துவிடக் கூடாது என்று ஆய்வாளர்கள் இன்றும் பயப்படுவது இதனால்தான். வகையறாக்கள் பெருகினால் அங்கேயும் இதே கதி.

கோதுமையிலிருந்து ஒரு மரபணு

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிராக்யூஸ் வனவியல் கல்லூரியில் வில்லியம் பவல், சார்லஸ் மேனார்ட் குழுவினர் வேறு வழியில் போனார்கள். பூஞ்சையின் ஆயுதம் ஆக்ஸாலிக் அமிலம். கோதுமையில் அந்த அமிலத்தை உடைக்கும் நொதி ஒன்று இயல்பாகவே உண்டு. அதற்கான மரபணுவை அமெரிக்க செஸ்ட்நட்டுக்குள் வைத்தார்கள். இங்கேயும் பூஞ்சை சாவதில்லை. பட்டை மேல் இருந்துவிட்டுப் போகட்டும், கடிக்க மட்டும் முடியாது. பூஞ்சையைக் கொல்லும் மரபணு வைத்தால் அதை மீறும் பூஞ்சை சீக்கிரம் உருவாகும், இப்படி வைத்தால் அந்த அழுத்தம் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

இந்த முயற்சி சுமுகமாகப் போகவில்லை. 'டார்லிங் 58' என்று பெயரிட்ட வகையை மக்கள் பயன்பாட்டுக்கு விட அனுமதி கேட்டிருந்த நிலையில், 2023 இறுதியில் ஒரு விஷயம் வெளியானது: சோதனையில் இருந்தவை 'டார்லிங் 54' என்ற வேறு வகை மரங்கள், அடையாளம் எங்கோ மாறிப்போயிருந்தது. வளர்ச்சியும் எதிர்பார்த்த அளவு இல்லை என்று கூறி, நீண்ட காலம் துணைநின்ற அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை விலகிக்கொண்டது. பவல் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் காலமானார். கல்லூரி தன் முயற்சியைக் கைவிடவில்லை. யோசனை தவறென்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆனால் நாற்றுக்கு ஒட்டும் சீட்டு, விஞ்ஞானத்தில் மரபணு அளவுக்கு முக்கியம்.

எல்லா எதிரியையும் இப்படிப் பல்லைப் பிடுங்கிச் சமாளிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2002-இல் இத்தாலியின் குனேயோ வட்டாரத்தில் சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குட்டிக் குளவி தென்பட்டது. மொட்டுக்குள் முட்டையிட்டு, நெல்லில் ஆனைக்கொம்பன் செய்வதைப் போலக் குருத்தைப் புடைக்க வைத்துவிடும். எல்லாமே பெண் குளவிகள், ஆண் இல்லாமலே பெருகுபவை. அதற்கு, முன்பு ஜப்பான் செய்ததைப் பின்பற்றி, டூரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 முதல் அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். அது புடைப்புக்குள் இருக்கும் புழுவைத் தின்றே தீர்க்கும். பத்து ஆண்டுகளுக்குள் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

இலையில் இருந்த ரகசியம்

மூன்றாவது கதை மனிதர்களைப் பற்றியது.

தெற்கு இத்தாலியின் கிராமங்களில் தோலில் வீக்கமும் எரிச்சலும் வந்தால், செஸ்ட்நட் இலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரால் கழுவும் பழக்கம் இருந்தது. நம்ம ஊரில் அம்மைக்குப் பின் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றுவதைப் போன்ற கைவைத்தியம். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசாண்ட்ரா குவேவ், கிராமத்தாரிடம் கேட்டுக் கேட்டு இதையெல்லாம் பதிவு செய்தவர். குவேவுக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. மூன்று வயதில் அவருக்கு ஒரு காலை அகற்ற வேண்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்று ஏற்பட்டு உயிர் பிழைத்தவர் அவர்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அபூர்வமான கிருமி ஒன்றும் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் சும்மா குடியிருக்கும். புண்ணுக்குள்ளோ ரத்தத்துக்குள்ளோ போனால்தான் ஆபத்து. அதில் மெதிசிலினுக்கு அடங்காத 'எம்.ஆர்.எஸ்.ஏ' ரகம் 1961-இலேயே பிரிட்டனில் கண்டறியப்பட்டது, அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து ஓரிரு ஆண்டுகளில். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக ஒரு சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் எம்.ஆர்.எஸ்.ஏ-வின் கணக்கு.

ஆன்டிபயாடிக் எப்படித் தோற்கிறது? மருந்து கோடிக்கணக்கான கிருமிகளைக் கொல்லும். தற்செயலாகத் தாங்கும் சக்தி உள்ள ஒன்றிரண்டு பிழைக்கும். காலியான இடமெல்லாம் அவற்றின் வாரிசுகளுக்கு. கொல்லக் கொல்ல, கொல்ல முடியாததை நாமே வளர்க்கிறோம்.

குவேவ் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், செஸ்ட்நட் இலையிலிருந்து பிரித்தெடுத்த சாறு இந்தக் கிருமியைக் கொல்லவில்லை. அதன் பேச்சை நிறுத்தியது. ஸ்டாஃபிலோகாக்கஸ் தனியாக இருக்கும்போது நச்சு சுரப்பதில்லை. சின்ன வேதி சமிக்ஞைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றிலும் சமிக்ஞை அடர்த்தியானால், 'நம்ம ஆட்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டார்கள்' என்று அர்த்தம். அப்போதுதான் எல்லாம் சேர்ந்து நச்சை அவிழ்த்துவிடும். இலைச்சாறு இந்தத் தகவல் தொடர்பைத் துண்டிக்கிறது. கூட்டம் கூடியதே தெரியாததால் தாக்குதலும் தொடங்குவதில்லை.

எலிகளில் எம்.ஆர்.எஸ்.ஏ உண்டாக்கிய தோல் புண்களை ஒரே ஒரு தவணை கட்டுப்படுத்தியது. தோலில் இயல்பாக வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் மனிதத் தோல் செல்களையும் அது பாதிக்கவில்லை. கிருமியை 15 நாட்கள் தொடர்ந்து இந்தச் சாற்றிலேயே வளர்த்துப் பார்த்தும் எதிர்ப்புச் சக்தி தென்படவில்லை. 15 நாள் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் பயன்படுத்தினாலும் இதே நிலைதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அந்தச் சாற்றில் இருந்தவை 94 வேதிப்பொருட்கள். வேலை செய்வது எது? தேடியதில், 2021-இல் அதே குழு ஒரு புதிய மூலக்கூறைத் தனியே பிரித்து அறிவித்தது. பெயர் கஸ்டனெராக்ஸி ஏ. எலிகளின் தோல் புண்களை அதுவும் குறைத்தது.

கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?

வேண்டாம். ஆய்வில் பயன்பட்டது வெறும் இலைத் தண்ணீர் அல்ல. இலையைக் கரைப்பான்களில் ஊறவைத்து, படிப்படியாகப் பிரித்து எடுத்த ஒரு பகுதி மட்டுமே. சோதனை எலிகளின் தோலில் நடந்தது, யாருக்கும் குடிக்கக் கொடுத்துப் பார்க்கவில்லை. மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் சந்தைக்கு வரவில்லை. கிருமியைக் கொல்லாத மருந்து என்பதால், தீவிரத் தொற்றில் இதைத் தனியாக நம்ப முடியாது. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுப்பது, அறுவை சிகிச்சைக்கு முன் தடுப்பாகப் பயன்படுத்துவது போன்ற வழிகளே யோசனையில் இருக்கின்றன.

வெளிநாடுகளில் வசிப்பவர்கள் பூங்காவில் உதிர்ந்து கிடக்கும் கொட்டையைப் பொறுக்கும் முன் ஓட்டைப் பாருங்கள். ஊசி ஊசியாக, கைவைக்க முடியாத அளவுக்கு நெருக்கமான முள் இருந்தால் ஸ்வீட் செஸ்ட்நட். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையான முள் இருந்தால் அது ஹார்ஸ் செஸ்ட்நட், தொட வேண்டாம். நல்ல கொட்டை கிடைத்தால் சுடுவதற்கு முன் தோலைக் கத்தியால் கீறிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, அடுப்பிலேயே பட்டாசு மாதிரி வெடிக்கும்.